பங்குனியில் பூப்பார்க்க எந்தச் சாலை?

மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். இந்த வருடம் பூப்பார்க்க எந்தப் பக்கம் வண்டியை விடுவது? அம்மாவுக்கு மூணாறு. தம்பிக்கு முதுமலை. எனக்கு ஏற்காடு. கோவையிலிருந்து மூன்றுமே நூற்றைம்பதிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், தூரத்தைக் காட்டி யாரும் யாரையும் மடக்க முடிவதில்லை.

ஏழெட்டு வருடமாக மாறி மாறிப் போய்வந்ததில் எனக்கு ஒன்று புரிந்திருக்கிறது. ஊரை முடிவு செய்துகொண்டு லீவு கேட்பதுதான் நாம் செய்கிற தப்பு. நமக்கு லீவு எப்படிக் கிடைக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தால்தான் லீவு என்றால் அதற்கு ஒரு பூ. நாளைக்கே கிளம்பலாம் என்கிற வேலையென்றால் அதற்கு வேறு பூ. ஏனென்றால் இந்த மூன்று பூவும் பூக்கிற கணக்கே வேறு வேறு. மூணாறுச் சாலையின் ஜகரண்டா வாரக்கணக்கில் நிற்கும். முதுமலையின் புரசு வெயிலைப் பார்த்துப் பூக்கும். ஏற்காட்டின் காப்பி மழையைப் பார்த்துப் பூக்கும், அதுவும் இரண்டு மூன்று நாள்தான்.

பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆனால் நம் மலைகளில் பாதிப் பூ சித்திரைக்கு முன்பே முடிந்துவிடும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை இருக்கிற இரண்டு மாதத்தைத்தான் இங்கே பேசுகிறேன். பள்ளிக்கூடத்துப் பெரிய லீவுக்குப் போய்க்கொள்ளலாம் என்று காத்திருந்தால் மே மாதத்தில் பச்சை இலையையும் வண்டி நெரிசலையும் மட்டும்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

முதலில் அம்மாவின் சாலை. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர், மூணாறு. உடுமலை தாண்டி அமராவதிப் பக்கம் ஒன்பதாறு என்கிற வனத்துறைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பதிவு செய்துகொண்டு காட்டுக்குள் நுழைந்தால், முதல் அரை மணி நேரம் பூவே இருக்காது. முள்ளும் பாறையுமாகக் காய்ந்து கிடக்கும் காடு. மேற்கே உயர்ந்து நிற்கும் மலை மழையை மறித்துக்கொள்வதால் சின்னாறும் மறையூரும் மழைமறைவுப் பகுதிகள். கேரளத்துக்குள் இருந்தாலும் கேரளம் மாதிரி இருக்காது. மூணாறு என்றால் பச்சை என்று நினைத்து வருகிறவர்கள் இந்த இடத்தில் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வறட்சியைக் கண்ணுக்குள் வாங்கிக்கொண்டு மேலே ஏறினால்தான் ஜகரண்டாவின் ஊதா நெஞ்சில் நிற்கும்.

மறையூரில் சந்தனக் காட்டைத் தாண்டினதும் குளிர் ஏறும், தேயிலை வரும். லக்கம் அருவி, வாகுவரை, சட்டமூணாறு என்று சாலை வளைந்து வளைந்து போகிற இடங்களில் ஜகரண்டா மரங்கள். பூக்கிற காலத்தில் மரத்தில் இலை அநேகமாக இருக்காது. கிளை முழுக்க ஊதாக் கொத்து, கீழே பச்சைத் தேயிலை, சாலை மேலும் ஊதா. இது நம் மண்ணின் மரம் இல்லை, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அழகுக்காகச் சாலையோரங்களில் வைத்தார்கள். மலையாளத்தில் நீலவாகை என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

இதையும் குறிஞ்சியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மலைச்சரிவில் பூக்கிற செடி. மூணாறில் கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல், அடுத்தது 2030இல். ஜகரண்டா வருடா வருடம் வரும் மரம். பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை, ஒரு வளைவில் உதிர்ந்தால் இன்னொரு வளைவில் மலர்ந்திருக்கும். மார்ச் இரண்டாம் வாரம் என்று ஒரு மாதம் முன்பே அறை பிடித்தாலும் ஏமாற வாய்ப்புக் குறைவு. அதுதான் இந்தச் சாலையின் பெரிய பலம்.

இன்னொரு பலம், கீழே இறங்கிப் பார்க்கலாம். மறையூருக்கு மேலே தேயிலைப் பகுதியில் வண்டியை ஓரம் கட்ட அகலமான இடங்கள் உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி, நாலு படி ஏறுவதே பாடு. வாகுவரைப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன். தலைக்கு மேலே மரம், டம்ளருக்குள் ஒரு பூ விழுந்தது. கடைக்கார அக்கா வேறு டீ போட்டுத் தருகிறேன் என்றார். "இருக்கட்டும் கண்ணு, இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அம்மா அந்தப் பூவை எடுத்து வைத்துக்கொண்டு அதே டீயைக் குடித்தார். மொழிச் சிக்கலும் இல்லை. இந்தத் தோட்டங்களில் வேலை செய்கிற குடும்பங்களில் பெரும்பாலானவை தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு விடமாட்டார்கள், அதனால் திரும்பி வரும்போது மாலை நாலு மணிக்கே மறையூரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். யானை குறுக்கே நிற்பது இங்கே வாடிக்கை. நின்றால் இன்ஜினை அணைக்காமல் தள்ளி நின்று காத்திருப்பதைத் தவிர வழியில்லை. வரையாடு பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரவிகுளம் பூங்காவை மூடிவிடுவார்கள், பூவும் அதே சமயத்தில்தான். வாடகைக் கார் என்றால் கேரளப் பர்மிட் எடுக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கினால் ஊதா சாம்பல் மாதிரி மங்கிவிடும். காலை ஏழிலிருந்து பத்து வரைதான் அந்த நிறம் முழுதாகத் தெரியும் நேரம். அதனால் ஒரே நாளில் போய்த் திரும்புகிற திட்டம் இங்கே சரிப்படாது. முதல் நாள் மாலையே மறையூரிலோ மூணாறிலோ தங்கிவிடுங்கள். மதுரை, தேனிப் பக்கத்துக்காரர்கள் உடுமலைக்குச் சுற்றி வர வேண்டியதில்லை. போடிமெட்டு ஏறித் தேவிகுளம் வழியாக மூணாறு வந்து, அங்கிருந்து மறையூர் நோக்கி இறங்கினால் போதும்.

தம்பியின் முதுமலையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். அங்கே பூ குறைச்சல் என்பதால் இல்லை. புரசு மாதிரி ஒரு பூ இந்த நாட்டில் வேறு இல்லை. பலாசம் என்றும் சொல்வார்கள். சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் வந்ததே இந்த மரத்தால்தான், அங்கே கங்காதீசுவரர் கோயிலின் தலமரம் இது. காடு முழுக்க இலை உதிர்ந்து மண் நிறத்தில் நிற்கும்போது கருத்த கிளைகளில் கிளிமூக்கு மாதிரி வளைந்த செம்மஞ்சள் பூக்கள் மட்டும் இருக்கும். மைனா, தேன்சிட்டு, கரிச்சான் என்று ஒரு மரத்தில் ஒரு சந்தையே கூடியிருக்கும். முள்ளிலவும் அதே காலத்தில் சிவப்பாகப் பூக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பூவெல்லாம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கவே கூடாது. நியாயமான விதி, அதை மீறச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன். ஆனால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியின் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் உங்கள் பங்கு என்று தெரிந்துகொண்டு போங்கள். மசினகுடி ஊரைச் சுற்றி ஒன்றிரண்டு மரங்களை நிதானமாக நின்று பார்க்கலாம். பூ உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்கள்தான் காட்டுத்தீ அபாயமும் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். வறட்சி அதிகமானால் வனத்துறை சஃபாரியையே நிறுத்திவைப்பதுண்டு. அடுப்பு மூட்டுவது, சிகரெட்டைத் தூக்கி எறிவது எதுவும் அங்கே கூடவே கூடாது.

வழியும் நீளம். மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, நடுவட்டம், கூடலூர், தெப்பக்காடு என்று போனால் ஆறு மணி நேரம் ஆகிவிடும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் பக்கம்தான், ஆனால் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு கொண்ட அந்தச் செங்குத்துச் சாலையில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, இணையத்தில் பதிவு செய்தால் இலவசமாகக் கிடைக்கும். இந்த வழியில் ஒரு ஆறுதல் இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமும் மார்ச், ஏப்ரலில் ஜகரண்டா பூக்கும். கூடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களும் உண்டு. அதிர்ஷ்டம் கூடினால் ஒரே பயணத்தில் மூன்றும் கண்ணில் படும். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி வயதானவர்களை ஆறு மணி நேரம் வண்டியில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. காடும் விலங்கும்தான் முதல் ஆசை, பூ அதற்குப் பிறகு என்கிறவர்களுக்கு இது சரியான சாலை. தம்பி அப்படிப்பட்ட ஆள்.

கூடலூர்ச் சாலையோரத்தில் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கிற ஒரு மரத்தைப் பார்த்துக் கொன்றை என்று பலர் படம் எடுப்பார்கள். அநேகமாக அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்கிற வெளிநாட்டு மரம். கீழே வேறு எதையும் முளைக்க விடாமல் காட்டையே அடைத்துக்கொண்டிருக்கிறது. வனத்துறை அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. விதையோ கிளையோ எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

இனி என் ஏற்காடு.

காப்பிப் பூவைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். முதல் நாள் மாலை வெறும் பச்சையாக இருந்த தோட்டம் மறுநாள் விடியும்போது வெள்ளையாக இருக்கும். கிளையின் ஒவ்வொரு கணுவிலும் கொத்தாக, மல்லிகை போல வெள்ளை. மணமும் கிட்டத்தட்ட மல்லிகைதான், ஆனால் இன்னும் கனமாக, கொஞ்சம் தேன் கலந்த மாதிரி. ஜகரண்டாவுக்கு மணம் லேசு. புரசுக்கு மணமே இல்லை. இதற்கு மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும், வளைவு திரும்புவதற்கு முன்பே எதிரே தோட்டம் இருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். அப்புறம் அந்த ரீங்காரம். மலை முழுக்கத் தேனீ.

இந்தப் பூ மழைக்குக் கட்டுப்பட்டது. மொட்டுகள் முன்பே உருவாகி, வறட்சியில் வளராமல் உறங்கிக்கொண்டிருக்கும். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு நல்ல கோடை மழை, மண் நனைகிற அளவுக்குப் பெய்ததும் விழித்துக்கொள்ளும். மழை பெய்து ஏறக்குறைய எட்டிலிருந்து பத்தாம் நாள் மொத்தத் தோட்டமும் ஒன்றாக மலரும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். பிறகு பழுப்பாகிக் கருகிவிடும். தோட்டக்காரர்கள் இந்த மழையைப் ப்ளாசம் ஷவர் என்பார்கள். அந்த வருடத்து விளைச்சலே அதை நம்பித்தான் இருக்கிறது. மலர்ந்த நாளில் மறுபடி பலமாகப் பெய்தால் மகரந்தம் வீணாகும், காய் குறையும். நாம் பூப்பார்க்கப் போகிற அதே நாளில் தோட்டக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு வருடம் அறையைப் பிடித்து, லீவும் எழுதிக் கொடுத்து, மார்ச் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். தோட்டமெல்லாம் பழுப்பு. சாலையோரம் விறகு கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, "ரெண்டு நாளு முந்தி வந்திருக்கணும் சாமி, மலையே மணத்துக் கெடந்துச்சு" என்றார். அம்மா அன்றைக்கு எதுவும் பேசவில்லை. திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் அறையும் பிடிக்கவில்லை, லீவும் முன்கூட்டி எழுதவில்லை. மழை பெய்த செய்தி வந்ததும் நாளை எண்ணினோம். ஒன்பதாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கோவையை விட்டுக் கிளம்பி ஏழரைக்கு மேலே இருந்தோம். அப்படிப் பார்த்த ஒரு காலைப் பொழுது, மற்ற இரண்டு சாலைகளிலும் பார்த்த எல்லாவற்றையும் விட என்னோடு அதிகமாக இருக்கிறது.

சாலை சுலபம். சேலம் வரை நான்கு வழிச்சாலை, அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் மலையேற்றம், இருபது கொண்டை ஊசி வளைவு. காட்டுச் சாவடி, இரவுத் தடை, யானை என்ற கவலையெல்லாம் கிடையாது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதிலிருந்து, ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையில் காப்பி இருக்கிறது. பெரும்பாலும் அராபிகா, சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடியோடு. ஏரியைச் சுற்றிய கூட்டத்துக்குள் போகாமல் உள்ளூர்ச் சாலைகளில் மெதுவாக ஓட்டுங்கள். இறங்கும்போது குப்பனூர் வழியைப் பிடித்தால் வண்டி குறைவு, தோட்டம் அதிகம். ஆனால் அது குறுகலான சாலை, மலையில் ஓட்டிப் பழகாதவர்கள் ஏறிய வழியிலேயே இறங்குவது நல்லது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள்.

ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் தனியாருக்குச் சொந்தமானவை. பூ சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும், வேலியைத் தாண்டவே வேண்டாம். தலையில் வைக்க ஒரு கொத்து என்று கிள்ளாதீர்கள். ஒவ்வொரு பூவும் ஒரு காப்பிப் பழம், யாரோ ஒருவருடைய வருமானம்.

இந்த மூன்றும் ஒத்துவராதவர்களுக்கு நாலாவதாக ஒரு வழி உண்டு, மலை ஏறவே வேண்டாம். சித்திரை பிறக்கும் வாரத்தில் பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம், முதலமடை வழியாகக் கொல்லங்கோடு வரை போய் வாருங்கள். விஷுவை ஒட்டிச் சரக்கொன்றை சரம் சரமாகத் தொங்கும் காலம் அது. முதலமடை முழுக்க மாந்தோப்பு, தெற்கே நெல்லியாம்பதி மலை சுவர் மாதிரி கூடவே வரும். அரை நாள் போதும். ஆனால் பாலக்காட்டு வெயில் கொடூரமானது. காலை ஆறுக்குப் பொள்ளாச்சியைத் தாண்டிவிட்டுப் பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் என் சிநேகிதிக்கு நான் சொன்னது இந்த வழியைத்தான், அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

ஆக, முன்கூட்டியே தேதி குறித்தாக வேண்டியவர்கள், பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் வருகிறவர்கள் மறையூர்ச் சாலைக்கே போங்கள். மார்ச்சில் இரண்டு இரவு ஒதுக்குங்கள். இவர்களுக்கு ஏற்காட்டை நான் சொல்லவே மாட்டேன், அது எவ்வளவு பிடித்தமானதாக இருந்தாலும். நினைத்த நேரத்தில் கிளம்ப முடிகிறவர்கள், விடியற்காலையில் வண்டி ஓட்டத் தயங்காதவர்கள், ஏமாந்து திரும்பினாலும் அடுத்த வருடம் வருவோம் என்கிறவர்கள் காப்பிக்குக் காத்திருங்கள். பெங்களூர், மைசூர்க்காரர்களுக்கு அதே பூ குடகில் இன்னும் பரந்த அளவில் கிடைக்கும், மழைக் கணக்கு அங்கேயும் அதேதான்.

எங்கள் வீட்டில் இந்த வருடம் மார்ச் இரண்டாம் வாரத்துக்கு மறையூரில் அறை சொல்லியாயிற்று, அம்மாவின் முட்டிக்குத் தோதாகத் தரைத்தளத்தில். ஏற்காட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. போன தடவை அங்கே டீ குடித்த கடைக்காரரிடம் எங்கள் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தேன். நேற்று ராத்திரி அவர் கூப்பிட்டு, "அக்கா, இங்க ஒரு மணி நேரமா கொட்டுது" என்றார். அம்மா காலண்டரை எடுத்து, இன்றைய தேதியிலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.